சுழலும் மேசையில் என் கிண்ணம்

தென் சீன நகரமான குவாங்சோவுக்கு வந்த இரண்டாம் வாரம், அலுவலகத் தோழர் ஒருவர் எங்களை ஞாயிறு காலை 'யம் சா'வுக்கு அழைத்தார். தேநீர் குடிப்பது என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஆனால் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை யாரும் எழுந்திருப்பதில்லை. மூங்கில் கூடைகளில் இறால் கொழுக்கட்டை, அரிசி மாவை மெல்லிய தாளாக வேகவைத்துச் சுருட்டிய செங் ஃபன், கோழிக்கால் என்று வந்துகொண்டே இருக்கும். தோழரின் தாயை அவருடைய நண்பர்கள் 'ஆயீ' என்றார்கள். தாய் வயதுப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சீனச் சொல் அது. என் பாட்டியை நான் ஆயி என்று அழைத்து வளர்ந்தவன். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி ஊர் வந்துவிட்டது.

ஆயீ முதலில் செய்தது எனக்கு விளங்கவில்லை. எல்லாருடைய கிண்ணம், கரண்டி, உண்ணும் குச்சிகளையும் சூடான தேநீரில் அலசி, அந்த நீரை ஒரு பாத்திரத்தில் கொட்டினார். பிறகு புதிதாக ஊற்றினார்: முதலில் எங்களுக்கு, கடைசியில் தமக்கு. நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், தோழர் இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டிக் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட சியென்லுங் பேரரசர் மாறுவேடத்தில் தெற்கே வந்தபோது தம் ஆட்களுக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். எழுந்து மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடும் என்பதால் அவர்கள் விரல்களை மண்டியிட வைத்தார்களாம். கதைதான். ஆனாலும் பேச்சை முறிக்காமல் நன்றி சொல்லும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இதற்கு முன் மூன்றாண்டுகள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருந்தோம். அங்கே மேசை ஒழுங்கை ஆசையோடு கற்றேன். முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். கோப்பையை உயர்த்தும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் இணையாகச் சாய்த்து வைத்தால் பணியாளர் புரிந்துகொண்டு எடுத்துப்போவார். என் தட்டில் என்ன, எவ்வளவு என்பது என் முடிவு. அதில் தலையிடாமல் இருப்பதே மரியாதை. புதிதாக வந்தவனுக்கு அந்த மரியாதை பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

குவாங்சோவில் கத்தி சமையலறையோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் எல்லாம் நறுக்கியே மேசைக்கு வருகிறது. வாசலைப் பார்த்த நாற்காலி முக்கிய விருந்தினருக்கு. நடுவே சுழலும் கண்ணாடிப் பலகையில் எல்லாத் தட்டுகளும் எல்லாருக்கும் பொது. எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு, பல குச்சிகள் ஒரே தட்டில் இறங்குவது முதலில் தயக்கமாக இருந்தது. இப்போது பல உணவகங்களில் பரிமாறுவதற்கென்றே நிறம் வேறான இரண்டாம் சோடிக் குச்சிகளை வைக்கிறார்கள். 2020-க்குப் பின் அந்தப் பழக்கம் வலுப்பட்டிருக்கிறது. எனக்கு மனநிறைவு தந்த மாற்றம் அது.

அன்று என் மகள் விளையாட்டாகக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள். ஆயீ திட்டவில்லை. சட்டென்று எடுத்துக் கிடையாக வைத்தார். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி செருகியதுபோல் இருக்குமாம். சாவு வீட்டுச் சடங்கை விருந்தில் நினைவூட்டக் கூடாது என்பதை எங்களுக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

பிறகு முழு மீன் வந்தது, ஆவியில் வெந்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி. தலை என் பக்கம் வந்து நின்றது. மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டக் கையை நீட்டினேன். தோழர் தடுத்து, முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கச் சதையை எடுத்தார். மீனைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. கடலுக்குப் போன ஒருவரை எண்ணி, கரையில் சோறு உண்பவர்கள் காக்கும் வழக்கமல்லவா அது? மீனின் கன்னச் சதையை ஆயீ எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். பிறகு வைத்துக்கொண்டே இருந்தார்.

போதும் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் இலையை மடித்துவிடலாம். ஸ்டுட்கார்ட்டில் கத்தியைச் சாய்க்கலாம். இங்கே காலிக் கிண்ணம் 'இன்னும் வேண்டும்' என்று கேட்டதாகிவிடுகிறது. கொஞ்சம் மீதி வைத்து உட்காரக் கற்றுக்கொண்டேன். விருந்தில் தட்டுகள் காலியானால் அழைத்தவருக்குக் குறை என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. உணவை வீணாக்குவதற்கு எதிராக 2021-இல் சட்டமே வந்துவிட்டதால், மிஞ்சியதைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. அன்று பொட்டலம் எங்கள் கைக்குத்தான் வந்தது.

பில் வந்தபோது ஆயீயும் தோழரின் மாமாவும் எழுந்து நின்று மல்லுக்கட்டினார்கள். ஸ்டுட்கார்ட்டில் "சேர்த்தா, தனித்தனியா?" என்று பணியாளர் கேட்பார். எட்டு யூரோவுக்கு உண்டவர் எட்டு யூரோ கொடுப்பார். யாருக்கும் யாரும் கடன்பட வேண்டியதில்லை. இங்கே ஒருவர் கொடுத்தால் மற்றவர் அடுத்த முறை அழைத்தே ஆக வேண்டும். கணக்கு தீராமல் இருப்பதால் உறவு நடக்கிறது.

போன ஞாயிறு கைகழுவுவதாகச் சொல்லி எழுந்துபோய் முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட்டேன். தெரிந்ததும் ஆயீ என் தோளில் ஓர் அடி வைத்தார். "அடுத்த வாரம் நீ பணத்தைத் தொடவே கூடாது" என்று சொல்லி, மிஞ்சிய கொழுக்கட்டைகளை என் மகளுக்காகக் கட்டச் சொன்னார்.