நாலாம் மாடிலேர்ந்து ஒரு கயிறு

போன மாசம் பாங்காக்லேர்ந்து வந்த ஃப்ரெண்டு ஒருத்தி என் கையில ஒரு பென்டிரைவ் குடுத்துட்டுப் போனா. உள்ள முழுக்க குறும்படங்க. ரங்கூன்ல இப்ப நெட்டு இருக்கிற லட்சணத்துக்கு விபிஎன் போட்டு, அது சுத்திச் சுத்தி நின்னு, அதுக்குள்ள கரண்ட் போயி, ஒரு எட்டு நிமிஷப் படத்தைப் பார்க்க ஒரு ராத்திரி ஆயிடும், அதனால பென்டிரைவ்தான் நமக்குத் தோது. ஃபோல்டருக்கு அவ வெச்சிருந்த பேரு ‘நம்ம ஆளுங்க’. திறந்து பார்த்தா டொரண்டோ சீனாக்காரங்க, கலிஃபோர்னியா பட்டேல் வீடு, அமெரிக்கா பிலிப்பினோ, லண்டன் பாகிஸ்தானி. நம்ம ஆளு ஒருத்தனும் இல்ல.

கோவிச்சுக்கல. புலம்பெயர்ந்தவங்கன்னு சொன்னா யாருக்குமே எங்க ஊரு ஞாபகம் வராது, பழகிருச்சு. 1931 கணக்கெடுப்புல ரங்கூன் ஜனத்துல பாதிக்கு மேல இந்தியாவுலேர்ந்து வந்தவங்கதான்னு சொன்னா இங்க இருக்கிற பிள்ளைங்களே நம்பாதுங்க. 1942ல ஜப்பான்காரன் வந்தப்போ லட்சக்கணக்குல காட்டு வழியா நடந்தே போனாங்க, 1964ல கடைங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டு, அம்பது நூறு சாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொன்னதும் மிச்சப்பேர் கப்பல் ஏறினாங்க, அதுல எங்க பெரிய மாமாவும் ஒருத்தர். அம்மாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. போனவங்களுக்குப் பாரிமுனைல பர்மா பஜார் கிடைச்சுது, அத்தோன்னு எங்க ஊரு நூடுல்ஸ் விக்கிற கடை கிடைச்சுது. போகாதவங்க நாங்க. எங்களைப் பத்தி யாரு படம் எடுப்பா.

சரி விஷயத்துக்கு வரேன். எங்க வீட்ல படம் பார்க்கிறதே ஒரு பஞ்சாயத்து. அம்மா பர்மா பேசுவாங்க, கடைத்தெருவுல பேரம் பேசுற அளவுக்கு நல்லாவே பேசுவாங்க, ஆனா ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவங்க படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம், அறுபதுகள்ல பள்ளிக்கூடங்களையெல்லாம் அரசு எடுத்துக்கிட்டதோட அந்தப் படிப்பும் நின்னுச்சு. தம்பி மகனுக்கு பதினோரு வயசு, அவனுக்கு நேரெதிர். பர்மா எழுத்து தண்ணி மாதிரி ஓடும், இங்கிலீஷும் கொஞ்சம் படிப்பான், தமிழ் காதுல விழும் ஆனா வாயில வராது, அப்பத்தா தமிழ்ல கேட்டா இவன் பர்மாவுல பதில் சொல்லுவான், ரெண்டு பேருக்கும் அதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா சப்டைட்டில் போட்டா அம்மாவுக்குப் புரியாது, தமிழ்ப் படம் போட்டா இவன் எழுந்து போயிடுவான். நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

இந்தப் படங்கள்ல ஒண்ணு ரெண்டு மட்டும் அந்த உத்தியோகத்திலேர்ந்து எனக்கு லீவு குடுத்துச்சு. ஏன்னா அதுல பேச்சே இல்ல.

முதல்ல போட்டது ‘பாவ்’. 2018ல வந்தது, டோமி ஷீ எடுத்தது, மறு வருஷம் ஆஸ்கர் வாங்குச்சு. டொரண்டோவுல தனிமைல தவிக்கிற ஒரு சீன அம்மா, அவங்க பிடிச்சு வெச்ச கொழுக்கட்டைல ஒண்ணுக்கு உசிரு வந்து குழந்தையாயிடுது. அம்மா பார்த்த உடனே ‘அட பௌசி!’ன்னாங்க. ஆமா, இங்க டீக்கடைல ஆவி பறக்க அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதே பௌசிதான். அந்தப் பௌசிப் பையன் வளர்றான், கதவைச் சாத்திக்கிறான், ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து நிக்கிறான், பொட்டியோட கிளம்புறான், அம்மாக்காரி தடுத்துப் பார்த்து முடியாம டபக்குன்னு அவனை வாயில போட்டு முழுங்கிடறா. தம்பி மகன் ‘ஐயோ’ன்னு கத்திட்டான். வெளிநாட்டுல தியேட்டர்ல பார்த்த நிறைய பேருக்கு அந்த இடம் புரியாமலே போச்சாம், சிரிச்சவங்களும் உண்டாம். எங்கம்மா சிரிக்கல, திகைக்கவும் இல்ல. ‘பின்ன என்ன பண்ணுவா’ன்னாங்க, அவ்வளவுதான். நான் ஏழு வருஷம் சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்தவ, அதனால அந்த ‘பின்ன என்ன பண்ணுவா’ எனக்குச் சொன்னதா படத்துக்குச் சொன்னதான்னு தெரியாம முகத்தைத் திருப்பிக்கிட்டேன். டோமி ஷீ இந்தப் படத்துக்காக சொந்த அம்மாவையே ஸ்டுடியோவுக்கு வரவழைச்சு எல்லாருக்கும் மாவு பிசையக் காட்டிக் குடுக்கச் சொன்னாங்களாம், மாவு மடிக்கிற அந்த விரலைப் பார்த்தாலே அது தெரியுது.

அடுத்து ‘சஞ்சய்ஸ் சூப்பர் டீம்’, 2015. ஒரு பக்கம் அப்பா சாமி அலமாரி முன்னாடி, இன்னொரு பக்கம் பையன் டிவி முன்னாடி. சஞ்சய் பட்டேல் தன் கதையைத்தான் எடுத்திருக்காரு. விஷ்ணு, துர்க்கை, அனுமார் எல்லாம் கார்ட்டூன் வீரங்க மாதிரி வருவாங்க. தம்பி மகனுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சுது, அம்மாவுக்கு சுமாராத்தான் பிடிச்சுது, ‘அனுமார் இப்படியா இருப்பாரு, காளி கோவில்ல போய்ப் பாரு’ன்னாங்க. 1871லேர்ந்து நிக்கிற கோவில், எங்க தெருமுனைல, அம்மாவுக்கு எல்லாச் சாமிக்கும் அதுதான் அளவுகோல். ரோட்டுப் பேரு அனோயத்தான்னு மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, அம்மா இன்னும் ஃப்ரேசர் ஸ்ட்ரீட்தான்.

‘தி லாங் குட்பை’யை அம்மாவுக்குக் காட்டல. ரிஸ் அகமது நடிச்சது, 2022ல ஆஸ்கர். கல்யாண வேலைல சிரிச்சுப் பேசிட்டிருக்கிற ஒரு வீட்டுக்குள்ள துப்பாக்கியோட ஆளுங்க புகுந்து எல்லாரையும் தெருவுக்கு இழுக்கிறாங்க. நல்ல படம். ஆனா அதுல யாரும் எதையும் ஜெயிச்சு வரல. 1982 குடியுரிமைச் சட்டத்துக்கப்புறம் அடையாள கார்டோட கலரைப் பார்த்துத்தான் நீ எந்த அளவுக்கு இந்த ஊர்க்காரன்னு ஆபீஸ்ல முடிவு பண்ற இடத்துல வாழ்ந்துட்டு, அந்தப் படத்தை ராத்திரி நேரத்துல அம்மா பக்கத்துல உக்காந்து பார்க்க எனக்கு மனசு வரல.

நான் சொல்ல வந்த படம் ‘ஃப்ளோட்’. 2019, பாபி ரூபியோ. ஒரு அப்பா, அவரோட குட்டிப் பையன் காத்துல மிதக்கிறான். அழகா மிதக்கிறான். அக்கம்பக்கம் ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பிச்சதும் அப்பா அவனை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிறாரு, வெளிய போனா பையில கல்லைப் போட்டு முதுகுல மாட்டி விடறாரு. படம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு வசனம், பார்க்ல எல்லார் முன்னாடியும் அப்பா கத்துறது, ஏன் உன்னால மத்தவங்க மாதிரி இருக்க முடியலன்னு. ரூபியோவோட மகனுக்கு ஆட்டிசம், அதுலேர்ந்து பொறந்த கதை. இதுல என்னைக் குத்தினது வேற ஒண்ணு. முதல்ல வரைஞ்சப்போ அந்த அப்பா பையனை வெள்ளைக்காரங்களாத்தான் வரைஞ்சாராம். கூட வேலை பார்த்தவங்க சொன்னப்புறம்தான் தன்ன மாதிரி பிலிப்பினோவா மாத்தினாராம். தன் பிள்ளை கதைக்கே தன் முகத்தைப் போடத் தோணல பாருங்க. எனக்கு ஆச்சரியமே இல்ல. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல எனக்கு ஒரு பர்மா பேரு, வீட்ல ஒரு பேரு. வீட்டுப் பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்க வீடு நாலாம் மாடி. ரங்கூன் பழைய கட்டடங்கள்ல பால்கனிலேர்ந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், மேல மணி, கீழ ஒரு கிளிப்பு. கீழ இழுத்தா மேல மணி அடிக்கும். சாவி, பேப்பர், பொட்டலம் மொஹிங்கா (மீன் குழம்பு ஊத்தின சேமியா) எல்லாம் அந்தக் கயித்துலதான் ஏறி இறங்கும். நான் ஸ்கூல்லேர்ந்து வந்து இழுத்தா அம்மா சாவியை மட்டும் இறக்க மாட்டாங்க, பால்கனில குனிஞ்சு என் வீட்டுப் பேரைச் சொல்லி, ‘சாப்பிட்டியாடி’ன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவாங்க. கூட வர்ற பிள்ளைங்க அதை அப்படியே திருப்பிக் கத்துங்க, பின்னாடியே ‘கலா’ன்னு ஒரு வார்த்தை வரும். இந்தியாக்காரன்னு அர்த்தம், டீக்கடைல பிரியமாவும் சொல்லுவாங்க, குத்திக்காட்டவும் சொல்லுவாங்க, சொல்ற வாயைப் பொறுத்தது. (நாற்காலிக்கே இங்க கலாதைங்னுதான் பேரு, கடலைப்பருப்புக்குக் கலாபே. ஊரு எங்க மேல உக்காந்துக்கும், எங்களைச் சாப்பிடும், அப்புறம் கிண்டலும் பண்ணும்.) நான் கண்டுபிடிச்ச வழி, கயித்தை இழுக்காம பக்கத்து சந்துல நின்னு பிள்ளைங்க போனப்புறம் இழுக்கிறது. அம்மா ஒரு நாளும் ஏன் லேட்டுன்னு கேக்கல.

ஃப்ளோட் முடிஞ்சதும் இந்தக் கதையைத் தம்பி மகன் கிட்ட சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, நானும் அந்தச் சந்துலதான் நிப்பேன் அத்தைன்னான். பர்மாவுலதான் சொன்னான்.

அங்கேர்ந்துதான் நாமளும் ஒண்ணு எடுப்போம்னு ஆரம்பிச்சது. கையில இருக்கிற போன்தான் கேமரா. கதைன்னு பெருசா இல்ல, பையன் சந்துல நிக்கிறான், கயித்தை இழுக்கிறான், சாவி இறங்குது. அம்மா நடிக்க மாட்டேன்னுட்டாங்க. பல்லு இல்லாத வாயை யாரு பார்க்கிறதுன்னு கேட்டாங்க. அப்புறம் நிஜமாவே அவன் ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துல நான் கீழ நின்னு எடுத்தேன். முதல் நாள் சாவி கிளிப்புலேர்ந்து நழுவி மூணாம் மாடி ஏசி மேல விழுந்துருச்சு. ரெண்டாவது நாள் அருமையா வந்துச்சு, சரியா சாவி இறங்கும்போது கரண்ட் வந்து தெருவே ‘மீ லாபீ’, கரண்ட் வந்துருச்சுன்னு கத்துச்சு, அடுத்த நொடி எல்லா வீட்டுத் தண்ணி மோட்டாரும் ஓட ஆரம்பிச்சுது. மூணாவது நாள்தான் கிடைச்சுது. அம்மா கேமராவையே மறந்துட்டு கம்பியைப் பிடிச்சுக் குனிஞ்சு, அவன் வீட்டுப் பேரைச் சொல்லி, ‘சாப்பிட்டியாடா’ன்னாங்க. குரல் உடைஞ்சுதான் வருது இப்ப, ஆனா தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு நாப்பது வயசு, கை நடுங்கிருச்சு, வீடியோவுலயும் அது தெரியுது.

வெட்டி ஒட்டினா ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. ராத்திரி மூணு பேரும் பார்த்தோம். அம்மா, கயிறு அழுக்கா இருக்கே, மாத்தணும்னு சொன்னாங்க. பையன் ரெண்டு தடவை பார்த்துட்டு, நல்லா இருக்கு அத்தை, நெட்டுல ஏத்தலாம், ஆனா அப்பத்தா கத்துற சத்தத்தை எடுத்துட்டு மியூசிக் போடுன்னான். ஏன்டான்னேன்.

‘நீதான சொன்ன, நல்ல படத்துல பேச்சே வேணாம்னு.’

அதை மட்டும் தமிழ்ல சொன்னான். எனக்கு ஒரு பதிலும் வரல. பத்து நாளா வீடியோ போன்லயே கிடக்கு, சத்தத்தோட ஒண்ணு, சத்தமில்லாம ஒண்ணு. அம்மா புதுக் கயிறு வாங்கிக் கட்டிட்டாங்க, நைலான், பச்சைக் கலர்.