மடிக்கணினிக்குள் இரண்டு போஸ்ட்கிரெஸ்

எழுதுவது பிரைமரி என்ற முதன்மை டேட்டாபேஸில், படிப்பது அதன் நகலான ரெப்ளிகாவில் என்று பிரித்து இயங்கும் செயலியை ஒரே ஒரு டேட்டாபேஸை வைத்துக்கொண்டு உருவாக்கினால், சில பிழைகள் சர்வருக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். ஒருமுறை அப்படி அடிபட்ட பிறகு, என் மடிக்கணினியிலேயே பல கண்டெய்னர்களை (தனித்தனிப் பெட்டிபோல் இயங்கும் மென்பொருள் சூழல்களை) ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸ் மூலம், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை இரண்டு கண்டெய்னர்களில் ஓடவிட்டேன்: ஒன்று பிரைமரி, மற்றது ரெப்ளிகா.

வேலையில் பெரும்பகுதியை போஸ்ட்கிரெஸின் நகலெடுப்புக் கருவியான பிஜி_பேஸ்பேக்கப் பார்த்துக்கொள்கிறது. பெரிய எழுத்து 'ஆர்' தெரிவுடன் அதை ஓட்டினால், பிரைமரியின் தரவை முழுவதும் நகலெடுப்பதோடு, ரெப்ளிகாவாக இயங்கச் சொல்லும் ஸ்டாண்ட்பை.சிக்னல் என்ற காலிக் கோப்பையும் பிரைமரியுடன் இணைவதற்கான விவரத்தையும் அதுவே எழுதிவிடும். நான் அரை நாள் மாட்டிக்கொண்டது வேறிடத்தில். யார் எதில் இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பின் டேட்டாபேஸ் நெடுவரிசையில் 'ஆல்' என்று இருந்தால் எல்லாம் அடங்கும் என நம்பியிருந்தேன். ரெப்ளிகா மாற்றங்களைப் பெறும் ரெப்ளிகேஷன் இணைப்பு மட்டும் அதில் அடங்காது, அதற்கெனத் தனி வரி வேண்டும். அந்த வரியைச் சேர்க்கும் ஸ்கிரிப்டை எழுதிய பின்னும் பலனில்லை. கண்டெய்னரின் தொடக்க ஸ்கிரிப்டுகள் தரவு அடைவு காலியாக இருக்கும்போது மட்டுமே ஓடும். நானோ பழைய தரவு இருந்த வால்யூமை (கண்டெய்னரின் சேமிப்பிடத்தை) அழிக்க மறந்திருந்தேன்.

ஒரே கணினியில் இரண்டும் இருப்பதால், பிரைமரியில் எழுதியது ரெப்ளிகாவுக்கு வந்துசேரும் தாமதம் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே ரெப்ளிகாவில், மாற்றங்களை வேண்டுமென்றே தாமதித்துப் பதிக்கும் ரெக்கவரி_மின்_அப்ளை_டிலே அமைப்பை 5 விநாடியாக வைத்தேன். புதிய பயனரைச் சேமித்த கையோடு அவருடைய பக்கத்தைத் திறந்தால், 'அப்படி ஒருவர் இல்லை' என்றது செயலி. நான் தேடிக்கொண்டிருந்ததும் இந்தப் பிழையைத்தான்.