ஜாமீன் கையெழுத்து

அப்பா இறந்த மறுவருடம் சம்பா சாகுபடி என் தலையில் விழுந்தது. முதல் வேலையாகப் பயிர்க்கடனுக்குப் போனேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பெயர்ப்பலகை நீளமாக இருந்தாலும் ஊரில் அது சொசைட்டிதான். தவணை தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

சங்கத்தில் அப்பாவுக்கு இருந்த பங்கு என் பெயருக்கு மாற இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அக்காவின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்தேன். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில் சிக்கல் இல்லை; எந்த வயலில் என்ன பயிர் என்று வருடாவருடம் பதியும் அடங்கலில் சறுக்கினேன். ஜூன் கடைசியில் வாங்கியதை ஜூலையில் நீட்டினால், “பசலி மாறிவிட்டதே தம்பி” என்றார் செயலாளர். பசலி என்பது வருவாய்த் துறையின் வருடக் கணக்கு; அதற்கு ஜூலை முதல் தேதிதான் வருடப் பிறப்பு. மறுபடி கிராம நிர்வாக அலுவலரிடம் நடை. வேறு எங்கும் கடன் பாக்கி இல்லை என்ற சான்றுக்காக ஒரு வங்கி என்னை மூன்று முறை அலையவிட்டது. அதை விடுங்கள்.

உண்மையில் என்னை நிறுத்திவைத்தது ஜாமீன். சங்க உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வயல் பெரியப்பாவைக் கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். யாருக்கோ ஜாமீன் போட்டு, அந்தக் கடனைத் தானே கட்டிய பழைய வலி அவருக்கு. நான்கு நாள் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் வாய்க்காலில் கோரை வெட்டிக்கொண்டிருந்தபோது வரப்பில் வந்து நின்றார். நாற்றங்காலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “விதை எங்கே வாங்கினாய்?” என்றார். மறுநாள் காலை எனக்கு முன்பே சொசைட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான். இந்தச் சங்கங்கள் பிறந்த கதையைப் படித்த பிறகு அது தணிந்தது. உழவர் கடனுக்கு வழி தேடச் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895இலும் 1897இலும் வந்த அவரது அறிக்கையின் சாரம், ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை உருவாக்கிய “ராய்பைசனைத் தேடிப்பிடியுங்கள்” என்பதே. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருடமே திருவள்ளூர் அருகே திரூரில் ஒரு சங்கம் பதிவானது. அன்றைய கிராமச் சங்கங்களில் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சங்கம் கடனில் மூழ்கினால் உறுப்பினரின் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து. அப்படியிருந்தால் பக்கத்து வயலைப் பார்க்காமல் யார் இருப்பார்கள்? அந்த விதி போய்விட்டது. பெரியப்பாவின் பார்வை போகவில்லை.

அன்று கடனுக்காக மட்டும் தொடங்கியது, இன்று எங்கள் சொசைட்டியில் ஒரு மேசையில் நகையை உரைகல்லில் தேய்க்கிறார்கள், பின்கட்டில் யூரியா அடுக்கியிருக்கிறது, பக்கத்து அறையில் ரேஷன் கடை. நகைக்கடன் வரிசைதான் எப்போதும் நீளம்.

பங்குத்தொகை பிடித்தம் போக, கடனில் ஒரு பகுதி மத்திய கூட்டுறவு வங்கிக் கணக்கில் பணமாக வந்தது, மீதி உரமாக. வண்டியோடு போனால் டி.ஏ.பி. இருப்பில்லை. நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது. வீட்டு வாசலில் இறக்கும்போது பெரியப்பா வந்து மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.