விண்டோஸ் லேப்டாப் வழியாக லினக்ஸுக்கு இணையம்: இரண்டு இரவுகள்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் ஓடும் என் கணினியில் வைஃபை கிடையாது. ரூட்டர் வேறு அறையில் இருக்கிறது, அங்கிருந்து கேபிள் இழுக்கவும் வழியில்லை. அதே மேசையில் விண்டோஸ் 10 லேப்டாப் ஒன்று வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரு ஈதர்நெட் கேபிளால் இணைத்து, லேப்டாப்புக்கு வரும் இணையத்தை டெபியனுக்கும் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு இரவுகள் ஆயின. கோளாறு ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வெளியே காட்டியது ஒரே அறிகுறி: பிரவுசரில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியது குறைவுதான். நெட்வொர்க் அடாப்டர்கள் வரிசையாகத் தெரியும் பக்கத்தில், இணையம் வரும் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஷேரிங் டேபில் முதல் பெட்டியை டிக் செய்ய வேண்டும். இணையம் வரும் அடாப்டர் என்றால் எனக்கு வைஃபை. கேபிள் செருகியிருக்கும் ஈதர்நெட்டில் போய் டிக் செய்கிறவர்கள் நிறையப் பேர், அது தலைகீழ். சரியாகச் செய்தால் ஈதர்நெட் அடாப்டருக்கு 192.168.137.1 என்ற முகவரியை விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும். பழைய குறிப்புகளில் 192.168.0.1 என்று இருக்கும். அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து எண். அதை நம்பி லினக்ஸில் கையால் முகவரி கொடுத்தால் இரண்டும் வேறுவேறு வலையில் நிற்கும். ஆகவே லினக்ஸ் பக்கம் முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி விடுவதே நல்லது.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க, உள்கம்பிகள் இடம் மாறிய கிராஸ்ஓவர் கேபிள் வேண்டும் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. கிகாபிட் போர்ட் உள்ள கணினிகளில் சாதாரணக் கேபிளே போதும், போர்ட்டே மாற்றிக்கொள்ளும். லினக்ஸில் 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்தேன். 'நோ கேரியர்' (இணைப்பு இல்லை) என்று வரவில்லை, 'லோயர் அப்' (இணைப்பு உண்டு) என்று வந்தது. கேபிள் சரி.

அடுத்து 'ஐபி அட்ரஸ்'. அங்கே 10.42.0.1 என்று இருந்தது. நான் எதிர்பார்த்தது 192.168.137 என்று தொடங்கும் ஏதாவதொன்றை. இந்த 10.42 எங்கிருந்து வந்தது என்று வெகுநேரம் புரியவில்லை. விண்டோஸ்தான் தவறாகக் கொடுக்கிறது என்று நினைத்து, அங்கே பெட்டியை எடுத்து, போட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகவரி அசையவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் அதே 10.42.0.1. அப்போதுதான் உறைத்தது: இதை யாரும் கொடுக்கவில்லை, டெபியன் தானே வைத்துக்கொள்கிறது.

லினக்ஸில் வலை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் ஒரு இணைப்புக்கு 'மற்ற கணினிகளுடன் பகிர்' என்றொரு முறை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணினியே ரூட்டர் ஆகி, 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முகவரி வழங்கத் தொடங்கும். முன்பு ஒரு சிறிய போர்டு கணினிக்கு இணையம் கொடுக்க இதே ஈதர்நெட் போர்ட்டில் அப்படி வைத்திருந்தேன். மாற்றவே இல்லை. ஆக, கேபிளின் இரு முனையிலும் ஆளுக்கொரு ரூட்டர், கேட்பதற்கு யாருமில்லை. ஐபிவி4 முறையை 'ஆட்டோ' என்று மாற்றி இணைப்பை மறுபடி ஏற்றினேன்.

இப்போது முகவரியே வரவில்லை. 45 வினாடி காத்திருந்து நெட்வொர்க்மேனேஜர் கைவிட்டுவிட்டது. நல்லவேளையாக, கேபிளில் போய்வரும் செய்திகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஏற்கனவே நிறுவியிருந்தது. முகவரி கேட்கவும் கொடுக்கவும் பயன்படும் 67, 68 எண் போர்ட்டுகளை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு மறுபடி இணைத்தேன். திரையில் டெபியனின் குரல் மட்டும் வரிவரியாக வந்தது: முகவரி தருகிறவர் யாராவது இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று. பதில் ஒன்றுகூட இல்லை. இந்தக் காட்சி எனக்குப் பெரிய உதவி. கேள்வி கேபிளில் போகிறது என்பது உறுதியானதால், பார்க்க வேண்டிய இடம் விண்டோஸ் என்று தெளிவானது.

அங்கே சர்வீஸ்கள் பட்டியலைத் திறந்தால், இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் சர்வீஸ் ஓடவில்லை. ஷேரிங் டேபில் டிக் அப்படியே இருக்கிறது, வேலை செய்யும் சர்வீஸ் மட்டும் நின்றிருக்கிறது. இதற்கான காரணம் மைக்ரோசாஃப்டின் உதவிக் குறிப்பிலேயே கிடைத்தது. அந்த சர்வீஸின் துவக்க முறை 'மேனுவல்'. பகிர்வு வழியாக 4 நிமிடம் போக்குவரத்து எதுவும் இல்லாவிட்டால் அது நின்றுவிடும், தானாக மறுபடி தொடங்காது. நான் 10.42 பின்னால் அலைந்த நேரத்தில் நான்கு நிமிடம் எத்தனையோ முறை கடந்திருக்கும். டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி டிக் செய்து ஓகே கொடுத்தேன். டெபியனுக்கு 192.168.137 வரிசையில் முகவரி உடனே வந்து உட்கார்ந்தது. முதல் இரவு அங்கே முடிந்தது.

இரண்டாம் இரவில் அதிக நேரம் தின்றது பிங், அதாவது இன்னொரு கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை. முகவரி இருக்கிறது, 'ஐபி ரூட்' பார்த்தால் வெளியே போகும் வழி 192.168.137.1 என்று சரியாக இருக்கிறது. அந்த 192.168.137.1-க்கு பிங் அனுப்பினால் மௌனம். பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பே பதில் சொல்லாவிட்டால் அதைத் தாண்டி எதுவும் போகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது. கேபிளை மாற்றினேன், டிரைவரைப் பார்த்தேன், லேப்டாப்பின் ஃபயர்வாலை முழுக்க அணைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அணைக்காதது நல்லதாயிற்று.

'ஐபி நெய்பர்' என்ற கட்டளைதான் வழி காட்டியது. 192.168.137.1-க்கு எதிரே லேப்டாப்பின் மேக் முகவரி (அடாப்டரின் வன்பொருள் எண்) தெளிவாக இருந்தது, நிலை 'ரீச்சபிள்'. அதாவது இரண்டும் ஒன்றையொன்று நன்றாகவே பார்க்கின்றன. பிங்குக்கு மட்டும்தான் பதில் இல்லை. பெயரில்லாத ஒரு கேபிள் இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் தன்னை நோக்கி வரும் பிங்கை ஃபயர்வால் தடுத்துவிடும். தன்னைக் கடந்து போகிற போக்குவரத்து வேறு கணக்கு. சோதிக்க வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கு பிங் அனுப்பினேன். பதில் வந்தது! கதவைத் தட்டினால் திறக்காத வீடு, வழியை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறது. விண்டோஸ் வழியாக இணையம் எடுக்கிற யாரும் கேட்வேயின் (வெளியே போகும் வாசலாக நிற்கும் கணினியின்) பிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதைத் தாண்டி உள்ள ஒரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள் என்று எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆனாலும் பிரவுசர் திறக்கவில்லை. எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் அது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு. பெயரை விசாரிக்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் 192.168.137.1-ஐ நேரடியாகக் கேட்டேன், லேப்டாப் பளிச்சென்று பதில் சொன்னது. அப்படியானால் டெபியன் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறது. யாரிடம் பெயரைக் கேட்பது என்று குறித்திருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் உள்ளே 192.168.1.1, எப்போதோ இருந்த பழைய ரூட்டரின் முகவரி. திருத்திச் சேமிக்கப் போனால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருந்தும் அனுமதி இல்லை என்றது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று ஒரு கணம் திகைத்தேன். அப்புறம் எல்எஸ்ஆட்டர் கட்டளையில் பார்த்தால் அந்தக் கோப்பின்மேல் 'மாற்றக்கூடாது' என்ற குறி இருந்தது. நெட்வொர்க்மேனேஜர் அதை மாற்றி எழுதாமல் இருக்க அந்தப் பூட்டை நான்தான் போட்டிருக்க வேண்டும். பூட்டை எடுத்து, இணைப்பை மறுபடி ஏற்றியதும் கோப்பு புதிதாக எழுதப்பட்டது. 192.168.137.1 வந்தது, கூடவே எம்எஸ்ஹோம்.நெட் என்ற பெயரும். விண்டோஸ் பகிர்வு வழங்கும் டொமைன் பெயர் அது. அதைப் பார்த்தால் டிஎன்எஸ் லேப்டாப்பிலிருந்துதான் வருகிறது என்று நம்பலாம். பிரவுசர் திறந்தது.

மிச்சம் இருந்தது அந்த நான்கு நிமிடம். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தாலும் பகிர்வு இதேபோல் அறுந்துபோகும். அதே உதவிக் குறிப்பில் சொன்னபடி சர்வீஸின் துவக்க முறையை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினேன். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன் என்று இறங்கி, ஷேர்டு ஆக்சஸ் என்ற இடத்தில் ஒரு டிவேர்ட் (எண் வகை) மதிப்பைச் சேர்த்தேன். அதன் பெயர் எனேபிள், ரீபூட், பெர்சிஸ்ட், கனெக்ஷன் ஆகிய நான்கு சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்தது. மதிப்பு 1. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் அந்தப் பகுதியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு கணினிகளையும் அணைத்து, லேப்டாப்பை முதலில் போட்டு, டெபியனை வேண்டுமென்றே கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். முகவரி வந்தது. அப்டேட் கட்டளை கொடுத்ததும் தொகுப்புப் பட்டியல்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன.