இடது சேனலில் விழுந்த பல்லி

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரின் எடை 25 கிலோ. பழையதாகத்தான் வாங்கினேன், ஆனாலும் 4,000 மலேசிய வெள்ளி. (மனைவியிடம் சொன்ன விலை வேறு.) சுவிட்சைப் போட்டால் நாலைந்து விநாடியில் உள்ளே ரிலே 'டக்' என்னும், அப்புறம்தான் பாட்டு வரும். போன சனிக்கிழமை மின்னல் எஃப்எம் கேட்கலாமென்று போட்டால், 'டக்' வரவில்லை.

உள்ளே ஏதாவது எரிந்துபோனால் டிசி மின்சாரம் பாய்ந்து ஸ்பீக்கரும் சாகாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் அந்த ரிலே. அவன் கதவைத் திறக்கவில்லை என்றால் சமாச்சாரம் பெரிதுதான். புடுவில் ரிப்பேர் செய்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன். "கொண்டாங்க தம்பி, திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

எங்கே கொண்டு போவது? செந்தூலில் எங்கள் வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் வியாழக்கிழமையே படுத்துவிட்டது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தது என் மூளை இல்லை, முதுகு.

பாசார் ரோட்டுக்குப் போய் மல்டிமீட்டரும் சில சாமான்களும் வாங்கி வந்தேன். இந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவே, பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரத்தைச் சுலபத்தில் விடாது. அரை மணி நேரம் கழித்து அளந்தேன், இன்னும் 40 வோல்ட். குறுக்கே ஸ்க்ரூட்ரைவரை வைத்துப் பொறி பறக்க இறக்குகிற வீரர்கள் உண்டு. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ரெசிஸ்டர் வைத்து நிதானமாக இறக்கினேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால், இடது சேனலில், அதாவது இடது ஸ்பீக்கருக்கான பாதியில், ஒரு பல்லி. டிரான்சிஸ்டரின் ஒரு காலில் தலை, இன்னொரு காலில் வால், நடுவே கருவாடு. மீட்டரை வைத்தேன். டிரான்சிஸ்டர் ஷார்ட்.

மனைவி அதற்குள் கிள்ளானிலிருக்கும் அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

"பல்லி விழுந்துச்சா? எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

"என் மேல இல்லத்தே. ஆம்ப்ளிஃபையர்ல."

"அது யாரோடது? உங்களோடதுதானே? எந்தப் பக்கம்?"

"இடது சேனல்."

கொஞ்ச நேரம் மௌனம். "ஆம்பளைக்கு இடப்பக்கம்னா செலவு இருக்கு."

நாள்காட்டியின் பின்பக்கத்தில் தலை, தோள், முழங்கால் எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருந்தது. டிரான்சிஸ்டருக்கு இல்லை.

அதை மாற்றுவதில்தான் எனக்குத் தயக்கம். அந்தப் பழைய டிரான்சிஸ்டர் மாடல்களில் போலி நிறைய உலவுகிறது. நல்லதே கிடைத்தாலும், பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்சாரத்தை, மில்லிவோல்ட் கணக்கில் சரிபார்க்காமல் விட்டால் புதுசும் புகைந்துவிடும். பல்லியை எடுத்து, போர்டை ஆல்கஹாலில் துடைத்து, மூடியைப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஓடியது.

அண்ணன் ஜோடி டிரான்சிஸ்டர்களையும் அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் மாற்றி 480 வெள்ளி வாங்கிக்கொண்டார். 'டக்' திரும்பி வந்தது. அன்று ராத்திரியே கிள்ளானிலிருந்து போன்: "எவ்வளவு ஆச்சு மாப்பிள்ளை?"