நெட் ஆங்கிலம்: ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மொழியியல் படித்த கதை

யுஜிசி நெட் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தகுதி கிடைத்துவிட்டது. அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துத் தங்கைகளும் தம்பிகளும் கேட்பது ஒன்றைத்தான்: “அக்கா, மொழியியலை எப்படிப் படிச்சீங்க?” முதல் தாளுக்கும் இலக்கியக் கோட்பாட்டுக்கும் வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன்.

கலைச்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது வந்த வழி முழுக்கப் போய்ப் பாருங்கள். நான் எடுத்தது ‘பாம்பாம்’ (pompom) என்ற ஆங்கிலச் சொல்.

பொருள் நமக்குத் தெரிந்ததுதான். சுதந்திர தின டிரில்லில் பிள்ளைகள் கையில் பிடித்து ஆட்டும் ஜிகினாக் கொத்து. கம்பளிக் குல்லாவின் உச்சியில் நிற்கும் நூலுருண்டை. நம் சடைக் குஞ்சலமும் பார்க்க ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

அகராதிக்குப் போனால் வழி விரிகிறது. பிரெஞ்சில் ‘போம்போன்’. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பெண்கள் தலையலங்காரத்தில் செருகும் ரிப்பன் கொத்தாக ஆங்கிலத்துக்குள் வருகிறது. நெப்போலியன் காலத்தில் காலாட்படைத் தொப்பியில் ஏறுகிறது. அதன் நிறத்தைப் பார்த்தே வீரன் படையில் எந்தக் கம்பெனிப் பிரிவு என்று சொல்லிவிடலாம். பிரெஞ்சு மாலுமித் தொப்பியில் சிவப்பாக இன்றும் இருக்கிறது. உருண்டையாகப் பூக்கும் சிறு டாலியா, சாமந்தி வகைகளுக்கும் அதே பெயர். கடைசியில் அமெரிக்க ஆட்டக்களத்தில் உற்சாகமூட்டும் பெண்களின் கைக்கு வருகிறது. இத்தனை பொருளும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. இதுதான் பாலிசெமி, ஒரு சொல் பல பொருள்.

இப்போது இன்னொரு பொருள்: பீரங்கி. 1899இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரில், டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் பிரிட்டிஷ் படை மீது 37 மில்லிமீட்டர் மாக்சிம் தானியங்கிப் பீரங்கியால் சுட்டார்கள். அது எழுப்பிய ஓசையே அதற்குப் பெயராயிற்று. பிறகு பிரிட்டிஷ் கடற்படையின் 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியும் அப்படியே அழைக்கப்பட்டது. ரிப்பனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது ஹோமோனிமி, உருவம் ஒன்று, சொல் வேறு. இந்த இரண்டையும் நான் அதன்பின் குழப்பிக்கொண்டதே இல்லை.

பீரங்கிப் பெயர் ஒனோமடோபியா (ஓசையைப் போலவே அமைந்த சொல்) மட்டுமல்ல, ரீடூப்ளிகேஷனும்கூட (ஒலி இரட்டித்து வருவது). பஸ்ஸைப் பார்த்து நம் குழந்தைகள் ‘பாம் பாம்’ என்பதும் அதே வகை. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ (இரட்டையாக வரும் சொல் பிரிந்து தனியே வராது) என்று தொல்காப்பியம் சொன்னதை இதன் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பிரெஞ்சு வடிவம் ‘ன்’னில் முடிகிறது, ஆங்கிலத்தில் அது ‘ம்’ ஆகிவிட்டது. முதல் அசையின் ஒலி கடைசி அசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஓர் ஒலி இன்னொன்றைத் தன்னைப்போல மாற்றும் இந்த அசிமிலேஷனுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அறம், அறன், நலம், நலன் என்று பள்ளியில் கடைப்போலி படித்தோமே, அங்கும் இதே இரண்டு எழுத்துகள்தான் இடம் மாறுகின்றன, பொருள் மாறுவதில்லை. பூ வளர்ப்பவர்கள் ஆங்கிலத்தில் இன்னும் பழைய ‘ன்’ வடிவத்தையே எழுதுகிறார்கள். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு மொழியியலில் பாதி வேலை முடிந்துவிட்டது. தமிழ் வழியில் படித்தவர்கள் தாழ்வாக நினைக்கவே வேண்டாம்.

பிரெஞ்சுக்குள் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை அகராதிகள் உறுதியாகச் சொல்வதில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கதை கட்டும் கைடுகளை நம்பாதீர்கள்.

ஆங்கில எழுத்தில் ‘pom’ என்று தொடங்கினாலும் நம் சொல்லோடு உறவில்லாதவை, உருவம் பார்த்து ஏமாறக் கூடாதவை:
– பொமரேனியன் நாய்: பால்டிக் கடலோரப் பொமரேனியா என்ற நிலப்பகுதியின் பெயர்.
– பாம்பஸ், ஆடம்பரமான என்ற பொருளில்: ஊர்வலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.
– பாமகிரானட், மாதுளை: கனியைக் குறிக்கும் லத்தீன் சொல்.

வேறு சில:

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். கறுப்பு மையில் பொருள், சிவப்பில் வந்த வழி. வாரத்துக்கு நாலைந்து சொல் போதும். கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விவசாய வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் தேர்வு மேட்டூர் திறப்போடும் குறுவை நாற்றங்காலோடும் மோதும். டிசம்பர் என்றால் அடைமழை, கரண்டும் போகும். எது உங்கள் வீட்டுக்குத் தோதோ அதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

நெகட்டிவ் மார்க் இல்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

ஓபிசி பிரிவினர் ‘நான்-கிரீமிலேயர்’ (வசதி வரம்புக்குள் இருப்பவர்) சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் இப்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு தாலுகா ஆபீசுக்கு அலைந்தால் படிக்கிற நாள்தான் போகும்.