பியூஃபர்ட்டில் இரண்டு நாள்

சவானாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. வழி நெடுக உப்பங்கழி, கோரைப்புல், கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்கும் பழைய ஓக் மரங்கள். அமெரிக்காவில், தெற்குக் கரோலினா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரைப் பியூஃபர்ட் என்று சொல்ல வேண்டும். வடக்குக் கரோலினாவில் இதே எழுத்துகளோடு இன்னொரு ஊர் இருக்கிறது, அதை போஃபர்ட் என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் முதலில் சொல்லிக் கொடுத்ததே இதைத்தான்.

ஊர் அழகுதான். பெரிய தூண்கள், அகலமான தாழ்வாரங்கள், வெள்ளை வெளேரென்று வீடுகள். எல்லாம் பருத்திப் பணத்தில் எழும்பியவை. அந்தப் பருத்தியை விதைத்துப் பறித்தவர்களுக்குக் கூலி என்று ஒரு காசும் கிடையாது என்பது தெரிந்த பிறகு அந்தத் தூண்களை வெறும் அழகாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

1861 நவம்பர் 7. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழு மாதம்கூட முடியவில்லை. வடக்கின் கப்பற்படை ஊருக்குப் பக்கத்தில் கடல் வழியைக் காத்த போர்ட் ராயல் கோட்டைகளைத் தாக்கிப் பிடித்தது, தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். சுற்றியுள்ள தீவுகளில் அவர்கள் விட்டுப்போன அடிமைகள் மட்டும் சுமார் 10,000 பேர். ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அதனால் இவர்கள் சட்டப்படி யாருடைய அடிமையும் இல்லை, சுதந்திர மனிதர்களும் இல்லை. போரில் கைப்பற்றிய சரக்கு என்றுதான் ராணுவம் கணக்கு எழுதியது. போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்பை, அதாவது தெற்கைத் திரும்ப நாட்டோடு சேர்த்து விடுதலையானவர்களுக்கு உரிமை தர முயன்ற காலத்தை, 1865-லிருந்து எண்ணுவதுதான் வழக்கம், ஆனால் இங்கே அது போர் நடக்கும்போதே தொடங்கிவிட்டது. 2017-இல் இந்த இடங்களைத் தேசிய நினைவிடமாக அறிவித்ததும் அதனால்தான்.

பியூஃபர்ட்டின் பிரின்ஸ் தெருவில் ராபர்ட் ஸ்மால்ஸ் வீட்டைத் தேடிப் போனேன். தனியார் வீடு, வெளியே நின்றுதான் பார்க்க முடியும். 1839-இல் இந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தவர் ஸ்மால்ஸ். 23 வயதில், 1862 மே 13 விடியற்காலையில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்ட நேரம் பார்த்து, தெற்கின் பிளான்டர் கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டைக்கும் சரியான ஊதல் சைகை கொடுத்து, மனைவி மக்களோடு வடக்கின் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குக் கிடைத்த பரிசுப் பணம் 1,500 டாலர். அப்புறம், வரிபாக்கிக்காக அரசு ஏலம் விட்டபோது இதே வீட்டை வாங்கினார். பிறந்த பின்கட்டு, அதன் முன்கட்டு, மொத்தமும். பழைய உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1878-இல் ஸ்மால்ஸுக்கே தீர்ப்பானது. அந்த வேலியோரம் ரொம்ப நேரம் நின்றேன்.

மறுநாள் பாலம் கடந்து செயின்ட் ஹெலினா தீவு. நடுவே சுழன்று படகுக்கு வழிவிடும் பாலம் அது, பத்து நிமிடம் காத்திருந்தோம். தீவில் பென் பள்ளி வளாகத்துக்கு எதிரே ஒரு செங்கல் தேவாலயம். 1855-இல் அடிமைகள் கட்டியது. கட்டியவர்கள் மேல்மாடத்தில் உட்கார வேண்டும், கீழே எஜமானர்கள். 1861-க்குப் பிறகு மேலிருந்தவர்கள் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். வடக்கிலிருந்து வந்த லாரா டவுன், எல்லன் மரே இருவரும் விடுதலையானவர்களுக்காக 1862-இல் தொடங்கிய அந்தப் பென் பள்ளி இந்தக் கட்டடத்தில்தான் சில வருடம் நடந்தது. சார்லட் ஃபோர்ட்டன் என்ற கறுப்பின ஆசிரியையும் அந்த ஆண்டே வந்து சேர்ந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இருந்த மாநிலத்தில், பகலில் பிள்ளைகள், வேலை முடிந்து பெரியவர்கள்.

என் மனம் மட்டும் நிலத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. இந்தத் தீவில் வரிபாக்கிக்காகப் பறிமுதலான தோட்டங்களில் ஒரு பகுதியை 10 ஏக்கர், 20 ஏக்கர் என்று பிரித்து விடுதலையானவர்களுக்கு விலைக்குக் கொடுத்தார்கள். காசு சேர்த்து வாங்கினார்கள், கையில் பத்திரம் இருந்தது. பக்கத்து எடிஸ்டோ தீவின் கதை வேறு. 1865 ஜனவரியில் வடக்கின் படைத்தளபதி ஜெனரல் ஷெர்மன் போட்ட 15-ஆம் எண் உத்தரவின்படி குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கினார்கள். கடற்கரை நெடுக சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்துவிட்டார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், மன்னிப்புப் பெற்ற பழைய முதலாளிகளுக்கே நிலத்தைத் திருப்பச் சொன்னார். அதை மக்களிடம் சொல்ல அக்டோபரில் எடிஸ்டோவுக்கு வந்தவர் ஜெனரல் ஹோவர்ட், விடுதலையானவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர். போரில் வலது கையை இழந்தவர். முதலாளிகளை மன்னியுங்கள் என்றார். மக்கள் சார்பில் ஒரு குழு அவருக்குப் பதில் எழுதியது: நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம், என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் உரித்து அடித்தவனை, சொந்த நிலம் கிடைத்தால் நான் அவன் பக்கமே போகமாட்டேன் என்று தெரிந்தே அதைத் தடுப்பவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதன் சாரத்தைத்தான் என் வார்த்தையில் எழுதியிருக்கிறேன், மூலத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

13, 14, 15 என்று மூன்று அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. விடுதலை, குடியுரிமை, ஆண்களுக்கு வாக்கு. ஸ்மால்ஸ் நாடாளுமன்றத்துக்கே ஐந்து முறை போனார். நிலம் மட்டும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. யாரிடம் கூலிக்குப் போக வேண்டுமோ அவனுக்கு எதிராக எத்தனை நாள் வாக்குப் போட முடியும்? 1877-இல் வடக்கின் படை காவலை விட்டு விலகியது. 1895-இல் தெற்குக் கரோலினா புதிய அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தது. அதை எழுதிய மாநாட்டில் இருந்த கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அதில் ஒருவர், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

திரும்பும்போது சாலையோரக் கடையில் தக்காளி வாங்கினோம். கடைக்கார அம்மா எழுபதைத் தாண்டியவர், நிலம் கொள்ளுத் தாத்தா வாங்கியது என்றார். உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியதால் இப்போது ஏகப்பட்ட பங்காளிகள், பாதிப்பேர் நியூயார்க்கில். யாராவது ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றால், வாங்கியவர் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். தீவுகளில் பல குடும்பங்கள் இப்படித்தான் நிலத்தை இழந்தன. 2017 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம், அப்படி வழக்கு வந்தால் மற்ற பங்காளிகளே அந்தப் பங்கை முதலில் வாங்கிக்கொள்ள வழி தருகிறது.

வரி ரசீதை ஒவ்வொரு வருடமும் தானே நேரில் போய் வாங்குவதாகச் சொன்னார். தக்காளியைப் பையில் போட்டுக்கொண்டே, தூரத்தில் தெரிந்த ஓக் மர வரிசையைக் காட்டி, "அது வரைக்கும் எங்களுது" என்றார்.